எட்டு வட்டு, மூன்று துளை: திங்க்-அ-டாட் பொம்மையை அடையாளம் காண்பதும் சோதித்து வாங்குவதும்

முன்பக்கத்தில் எட்டு வட்டுகள்: மேல் வரிசையில் மூன்று, நடுவில் இரண்டு, கீழே மூன்று. ஒவ்வொன்றிலும் மஞ்சள் அல்லது நீலம் தெரியும். தலைப்பகுதியில் மூன்று துளைகள். ஒரு துளையில் இரும்புக் குண்டைப் போட்டால் அது உள்ளே தடதடவென இறங்கி, அடியில் இடப்பக்கமோ வலப்பக்கமோ வெளியே வரும். இறங்கும் வழியில் இரண்டு மூன்று வட்டுகளின் நிறம் மாறியிருக்கும். பேட்டரி கிடையாது, வயர் கிடையாது, சாவி கொடுக்கும் சுருள்வில்லும் கிடையாது.

உங்கள் கையில் இருப்பது இப்படி இருந்தால் அது திங்க்-அ-டாட். 1960களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மான்ட்கிளேர் ஊரிலிருந்த ஈ.எஸ்.ஆர். என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டது. பெட்டியும் கையேடும் தொலைந்துபோன பிரதிகள் விற்பனைக்கு வரும்போது "பழைய பின்பால்", "குண்டு போடும் விளையாட்டு", "பெயர் தெரியாத புதிர்" என்றெல்லாம் தலைப்பு வைத்துவிடுகிறார்கள். அதனால் பெயரைத் தட்டித் தேடுவதைவிட, படத்தில் அந்த 3-2-3 அடுக்கைக் கண்டுபிடிக்கப் பழகுவதுதான் பலன் தரும்.

முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒழுங்காக வேலை செய்யும் பிரதி கிடைத்தால் வாங்கத் தகுந்த பொருள் இது. ஆனால் "வேலை செய்கிறது" என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்கக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு இது வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்கவே தெரியாது. குண்டு மேலே போய்க் கீழே வந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இந்தப் பொம்மையைச் சோதிக்கக் கறாரான வழிகள் உண்டு. இந்தப் பரிந்துரையின் பெரும்பகுதி அதற்குத்தான்.

யார் செய்தது

வடிவமைத்தவர் ஜோசப் வைஸ்பெக்கர். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியாளர். பின்னாளில் ஆர்.சி.ஏ. 1802 நுண்செயலியின் கட்டமைப்பை உருவாக்கியவரும் இவர்தான். வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்தில் அந்தச் சில்லு இருந்தது. 1977இல் வந்த ஸ்டூடியோ 2 வீடியோ விளையாட்டுப் பெட்டிக்குப் பின்னாலும் அவர் வேலை இருந்தது. அதற்கு விளையாட்டுகள் எழுதிய அவர் மகள் ஜாய்ஸ், வீடியோ விளையாட்டு எழுதிய முதல் பெண்களில் ஒருவராக மதிக்கப்படுகிறார். கணினியின் அடிப்படையை மின்சாரமே இல்லாமல் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்த மனிதர். பொம்மையின் ஒவ்வொரு பாகத்திலும் அது தெரிகிறது. வேடிக்கைக்காக மட்டும் வைத்த பாகம் ஒன்றுகூட இதில் இல்லை.

உடன்பிறப்புகளோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க

ஈ.எஸ்.ஆர். விற்ற இயந்திரப் பொம்மைகள் நான்கு அடிக்கடி ஒன்றுக்கொன்று மாற்றி விற்கப்படுகின்றன. 1963இல் வந்த டிஜி-காம்ப் 1இல் குண்டே கிடையாது. பிளாஸ்டிக் சறுக்குப் பலகைகள் மூன்று, மெல்லிய உலோகக் கம்பிகள், முளைகளில் செருகும் சின்னக் குழாய்கள், கையால் இழுத்துத் தள்ளும் நெம்புகோல் ஆகியவைதான் அதன் அடையாளம். டாக்டர் நிம், டிஜி-காம்ப் 2 இரண்டும் ஜான் காட்ஃப்ரே வடிவமைத்தவை. சரிவாக நிற்கும் பலகையில் கோலிகள் மேலிருந்து உருண்டு வரும். டாக்டர் நிம் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடும்: நீங்கள் 1 முதல் 3 கோலி வரை எடுக்கலாம், பிறகு பொம்மை தன் முறைக்கு எடுக்கும். டிஜி-காம்ப் 2 அளவில் மிகப் பெரியது. எண்ணும், கூட்டும், பெருக்கும்.

பிரித்தறிய எளிய வழி: கம்பிகள் இருந்தால் டிஜி-காம்ப் 1. கோலிகள் திறந்த பலகையில் கண்ணெதிரே உருண்டால் டாக்டர் நிம் அல்லது டிஜி-காம்ப் 2. குண்டு உள்ளே மறைந்து, நிறம் மட்டும் வெளியே மாறினால் திங்க்-அ-டாட்.

மறுபதிப்புகளும் சந்தையில் உண்டு. டிஜி-காம்ப் 1ஐ அட்டையில் மறுபடி செய்து விற்றார்கள். டிஜி-காம்ப் 2ஐ மரப்பலகையிலும் எஃகுக் குண்டுகளோடும் செய்தார்கள். திங்க்-அ-டாட்டுக்கு முப்பரிமாண அச்சு வடிவங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, ஆகவே வீட்டில் அச்சடித்த பிரதிகளும் கைமாறும். பக்கவாட்டில் மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது அச்சுப் பிரதி. ஆடுவதற்கு அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் 1960களின் விலையைக் கொடுக்காதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு வட்டுக்குப் பின்னாலும் ஒரு சிறிய சீசா பலகை. அதை இங்கே புரட்டி என்று சொல்வோம். அது இடப்பக்கம் சாய்ந்திருக்கும், இல்லையென்றால் வலப்பக்கம். நடுவில் நிற்காது. குண்டு வந்து விழுந்தால், புரட்டி காட்டும் பக்கமாகச் சறுக்கிப் போகும். போகும்போதே தன் எடையால் அதை மறுபக்கம் தள்ளிவிடும். அடுத்த குண்டு அதே இடத்துக்கு வந்தால் எதிர்ப்பக்கம் போகும். மின்னணுவியலில் ஃபிளிப்-ஃபிளாப் என்று சொல்லும் ஒரு பிட் நினைவகம் இதுதான். எட்டு புரட்டிகள், ஆகவே 256 நிலைகள்.

பாதைகளைத் தெரிந்துகொண்டால்தான் பழுது பிடிபடும். மேல் இடது வட்டிலிருந்து இடப்பக்கம் போன குண்டு நடு வரிசையைத் தொடாமல் நேராகக் கீழ் இடதுக்கு இறங்கும். வலப்பக்கம் போனால் இடை இடதுக்கு, அதாவது நடு வரிசையின் இடது வட்டுக்கு வரும். மேல் நடுவிலிருந்து இடை இடதுக்கோ இடை வலதுக்கோ போகும். மேல் வலது, மேல் இடதின் கண்ணாடி பிம்பம்: இடப்பக்கம் போனால் இடை வலது, வலப்பக்கம் போனால் நேராகக் கீழ் வலது. இடை இடதிலிருந்து கீழ் இடது அல்லது கீழ் நடு. இடை வலதிலிருந்து கீழ் நடு அல்லது கீழ் வலது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. எந்தத் துளையில் போட்டாலும் ஒரு குண்டு மேல் வரிசையில் சரியாக ஒரு வட்டையும், கீழ் வரிசையில் சரியாக ஒரு வட்டையும் புரட்டும். நடு வரிசையில் ஒன்றைப் புரட்டலாம், புரட்டாமலும் போகலாம். ஆகவே மேல், கீழ் வரிசைகளின் ஆறு வட்டுகளில் எத்தனை நீலம் என்று எண்ணுங்கள். அது இரட்டைப்படை என்றால் எத்தனை குண்டு போட்டாலும் இரட்டைப்படையாகவே இருக்கும். ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படையாகவே இருக்கும். 256 நிலைகளும் 128, 128 என இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுகின்றன. ஒரு கூட்டத்திலிருந்து மற்றதற்குக் குண்டு போட்டுப் போகவே முடியாது. 1967இலேயே ஒரு கணித இதழில் இந்தப் பொம்மையின் கோட்பாட்டைக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள்.

வாங்குபவருக்கு இதன் பயன் நேரடியானது. ஒரு குண்டு போடுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். ஆறு வட்டுகளில் நீலத்தின் எண்ணிக்கை இரட்டையிலிருந்து ஒற்றைக்கு மாறியிருந்தால் ஏதோ ஒரு புரட்டி சிக்குகிறது, அல்லது குண்டு துள்ளி ஒன்றை இரண்டு தடவை தட்டுகிறது.

ஏழு குண்டுச் சோதனை

விற்பவரிடம் காணொளி கேட்பதென்றால் இதைத்தான் கேட்க வேண்டும். பொம்மையை ஒரு பக்கமாக முழுதாகச் சாய்த்தால் எட்டு புரட்டிகளும் ஒரே பக்கம் விழும். பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழியும் அதுதான். பிறகு மெதுவாக நிமிர்த்தி, சமதளத்தில் வைத்து, இடத் துளையில் 1, நடுத் துளையில் 5, வலத் துளையில் 1 என ஏழு குண்டுகள் போடச் சொல்லுங்கள். ஒரே குண்டை எடுத்து எடுத்துப் போட்டாலும் சரி. பொம்மை நல்ல நிலையில் இருந்தால் எட்டு வட்டுகளும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் நிறம் மாறியிருக்கும். சாய்த்தது எந்தப் பக்கமானாலும் இது பொருந்தும்.

எது பழுது என்று துல்லியமாகப் பிடிக்க, குண்டுக்குக் குண்டு எது புரள வேண்டும் என்பதைக் கீழே தருகிறோம். இது எல்லாப் புரட்டிகளும் குண்டை இடப்பக்கம் அனுப்பும் நிலையிலிருந்து தொடங்குகிறது. முதல் குண்டிலேயே மூன்று வட்டுகள் புரண்டால் நீங்கள் எதிர்நிலையில் இருக்கிறீர்கள். மறுபக்கம் சாய்த்து மறுபடி தொடங்குங்கள்.

1. இடத் துளை: மேல் இடது, கீழ் இடது. இரண்டு மட்டும்.
2. நடுத் துளை: மேல் நடு, இடை இடது, கீழ் இடது.
3. நடுத் துளை: மேல் நடு, இடை வலது, கீழ் நடு.
4. நடுத் துளை: மேல் நடு, இடை இடது, கீழ் நடு.
5. நடுத் துளை: மேல் நடு, இடை வலது, கீழ் வலது.
6. நடுத் துளை: மேல் நடு, இடை இடது, கீழ் இடது.
7. வலத் துளை: மேல் வலது, இடை வலது, கீழ் நடு.

எந்த வரியில் முதன்முதலாகப் பிசகுகிறதோ அந்த வரியின் வட்டுகளில்தான் கோளாறு. பிசகிய பிறகு வரும் வரிகளை நம்பாதீர்கள். ஒரு புரட்டி தவறினால் அடுத்து வரும் குண்டு வேறு பாதையில் போய்விடும். நிறுத்தி, சாய்த்து, மறுபடி தொடங்க வேண்டும். இரண்டாவது தடவையும் அதே வரியில் தவறினால் அந்தப் புரட்டி நிரந்தரமாகச் சிக்குகிறது. வேறு வேறு வரிகளில் தவறினால் தனி ஒரு பாகத்தின் கோளாறாக இருக்காது. தளம் சாய்வாக இருக்கும், அல்லது குண்டு சரியில்லாமல் இருக்கும்.

எட்டுக் குண்டு, ஆறு குண்டு

வாங்கி வீட்டுக்கு வந்த பிறகு செய்ய இன்னும் இரண்டு சோதனைகள். இவற்றுக்குச் சாய்த்துத் தொடங்க வேண்டியதில்லை, எந்த நிலையிலிருந்தும் செய்யலாம்.

இடத் துளையிலேயே எட்டு தடவை போடுங்கள். கடைசியில் எல்லா வட்டுகளும் தொடங்கிய நிலைக்கே வர வேண்டும். இடையில் மேல் இடது 8 தடவை, இடை இடது 4 தடவை, கீழ் இடது 6 தடவை, கீழ் நடு 2 தடவை புரண்டிருக்கும். மற்ற நான்கும் அசையவே கூடாது. அசைந்தால் குண்டின் அதிர்ச்சியே தளர்ந்த புரட்டிகளைத் தள்ளுகிறது என்று பொருள். வலத் துளைக்கும் இதே கணக்கு, பக்கம் மாற்றி. நடுத் துளையில் எட்டு போட்டால் மேல் நடு 8, இடை வரிசையில் இரண்டும் தலா 4, கீழ் நடு 4, கீழ் இடதும் கீழ் வலதும் தலா 2.

மற்றொன்று இன்னும் அழகானது. மூன்று துளைகளிலும் தலா இரண்டு குண்டுகள், மொத்தம் ஆறு, எந்த வரிசையில் வேண்டுமானாலும் போடுங்கள். எந்த நிலையிலிருந்து தொடங்கினாலும் ஆறாவது குண்டு வெளியே வரும்போது பலகை தொடங்கிய நிலைக்கே திரும்பியிருக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது மாயம்போலத் தோன்றும். காரணம்: இந்தப் பொம்மையில் குண்டுகளைப் போடும் வரிசை கடைசி நிலையைப் பாதிப்பதே இல்லை. எந்தத் துளையில் எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு. ஒவ்வொரு புரட்டியும் தன்மேல் விழும் குண்டுகளை இடம், வலம் என மாற்றி மாற்றி அனுப்புகிறது. எந்தக் குண்டு முதலில் வந்தது என்று அதற்குத் தெரியாது, எத்தனை வந்தன என்பதே அதன் நிலையைத் தீர்மானிக்கிறது.

புதிராக ஆடினால்

ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்குக் குறைந்த குண்டுகளில் போவதுதான் முக்கிய ஆட்டம். இரு நிலைகளும் ஒரே கூட்டத்தில் இருந்தால் எப்படிப்பட்டதையும் 9 குண்டுகளுக்குள் முடிக்கலாம். வழி இதுதான். (தானே கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

மேல் வரிசையில் எந்த வட்டு தவறாக இருக்கிறதோ அதன் துளையில் ஒரு குண்டு. அதிகபட்சம் மூன்று. பிறகு நடு வரிசை: ஒரே துளையில் இரண்டு குண்டுகள் போட்டால் மேல் வரிசை மாறாது. இடத் துளையில் ஒரு ஜோடி இடை இடதை மட்டும் மாற்றும், வலத் துளையில் ஒரு ஜோடி இடை வலதை மட்டும், நடுத் துளையில் ஒரு ஜோடி இரண்டையும். ஆகவே அதிகபட்சம் இரண்டு குண்டுகள். கடைசியாகக் கீழ் வரிசை: ஒரே துளையில் நான்கு போட்டால் மேலும் நடுவும் மாறாது. இடத் துளையில் நான்கு, கீழ் இடதையும் கீழ் நடுவையும் மாற்றும். நடுத் துளையில் நான்கு, கீழ் இடதையும் கீழ் வலதையும். வலத் துளையில் நான்கு, கீழ் நடுவையும் கீழ் வலதையும். இந்தக் கட்டத்தில் கீழே ஒன்றுமே தவறாக இருக்காது, அல்லது சரியாக இரண்டு தவறாக இருக்கும். ஒன்றோ மூன்றோ தவறாக இருந்தால் நீங்கள் கேட்கும் வடிவம் மறு கூட்டத்தைச் சேர்ந்தது. 3, 2, 4 சேர்த்து 9.

இந்த இரகசியம் தெரிந்துவிட்டால் புதிர் என்ற வகையில் இதன் ஆயுள் குறைந்துவிடுகிறது. பொம்மையின் உண்மையான குறை இது. டாக்டர் நிம்மில் எதிரே ஒரு ஆட்டக்காரர் இருப்பதுபோல் இருக்கும், அதனால் விருந்தாளிகள் வந்தால் அதைத்தான் எடுப்பார்கள். திங்க்-அ-டாட் தனியாக உட்கார்ந்து யோசிப்பவருக்கானது. ஆனால் ஒன்பது பத்து வயதுக் குழந்தைக்கு இரட்டை எண்முறையைப் பேச்சில்லாமல் காட்ட இதைவிடச் சிறந்த பழைய பொம்மையை நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரே துளையில் தொடர்ந்து போட்டு, மேல் வட்டு ஒவ்வொரு தடவையும் இடை வட்டு இரண்டுக்கு ஒரு தடவையும் மாறுவதைப் பார்த்தாலே இரண்டின் பெருக்கம் குழந்தைக்குப் புரியத் தொடங்கும்.

மற்ற மூன்றோடு ஒப்பிட்டால், டிஜி-காம்ப் 1 அதிகம் கற்றுக்கொடுக்கும், ஆனால் அதைப் பொருத்தி ஓட வைப்பதே ஒரு வேலை. ஒரு குழாய் காணாமல் போனாலும் நின்றுவிடும். டிஜி-காம்ப் 2 மிக அருமையான இயந்திரம், அசல் கிடைப்பது கடினம், வைக்கவும் இடம் வேண்டும். பழமை முக்கியமில்லை, குண்டு போட்டுக் கணினியைப் புரியவைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், இன்று புதிதாகக் கிடைக்கும் டியூரிங் டம்பிளை வாங்குங்கள். அதில் பாகங்களை நீங்களே அடுக்கிப் பாதையை மாற்றலாம். திங்க்-அ-டாட்டில் பாதை நிலையானது.

எது கெடும், ஏன்

முதல் குற்றவாளி குண்டு. அசல் எஃகுக் குண்டு தொலைந்துபோய், யாரோ அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கோலியைப் போட்டு வைத்திருப்பார்கள். ஒரே விட்டம் கொண்ட கண்ணாடி, எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். புரட்டியைத் தள்ள அந்த எடை பல இடங்களில் போதாது. குண்டு சறுக்கிப் போய்விடும், வட்டு பாதியில் நின்று திரும்ப விழும். பார்ப்பவர் பொம்மை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே "சரியாக வேலை செய்யவில்லை" என்று மலிவாக விற்கும் பிரதியில் கோலி தெரிந்தால் அதைத் துணிந்து வாங்கலாம். துளையின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, தடையில்லாமல் உள்ளே விழும் அளவுக்குச் சற்றே சிறிய எஃகுக் குண்டை வாங்குங்கள். மெக்கானிக் கடைகளில் பால்ரஸ் குண்டு என்று கேட்டால் கிடைக்கும். வழியில் எங்கும் சிக்காததை உறுதி செய்ய, முதல் சில தடவைகள் மூன்று துளைகளிலும் போட்டு, போட்ட குண்டு வெளியே வந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். துருப்பிடித்த குண்டு சொரசொரப்பாகி பிளாஸ்டிக்கைச் சுரண்டும், அதைத் துடைத்துப் பயன்படுத்தாமல் தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது தளம். எடையால் மட்டுமே வேலை செய்யும் பொருள் என்பதால் மேசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் எல்லாப் புரட்டிகளும் அந்தப் பக்கமே நிற்கப் பார்க்கும். தாழ்ந்த பக்கத்திலிருந்து உயர்ந்த பக்கத்துக்குப் புரள்வது தவறும். வேறு வேறு வட்டுகள், ஆனால் எப்போதும் ஒரே திசையில் தவறுகின்றன என்றால் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அடியில் மடித்த காகிதம் வைத்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது எண்ணெய். யாரோ நல்ல எண்ணத்தில் தையல் மிஷின் எண்ணெயை விட்டிருப்பார்கள். முதல் மாதம் வழுக்கும், பிறகு தூசி சேர்ந்து பசையாகும். இந்தப் புரட்டிகளின் அச்சுகள் உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் அச்சை மட்டும் துடைத்து, வெறும் நீரால் மறுபடி துடைத்து, ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதுவும் கூடாது. பழைய பிளாஸ்டிக்கை அவை வெளுக்க வைக்கும், விரிசல் விட வைக்கும், கரைத்தும்விடும். காய்ந்த பிறகும் தயங்கினால் பென்சில் முனையைத் தேய்த்த கரித்தூளை அச்சில் மிகக் கொஞ்சம் தடவலாம். கரித்தூள் வட்டின் நிறத்தின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடலைத் திறக்க அவசரப்படாதீர்கள். விளிம்பு ஒட்டப்பட்டதுபோல் தோன்றினால் நெம்ப வேண்டாம். அறுபது ஆண்டுப் பிளாஸ்டிக் வளையாது, உடையும். பெரும்பாலான சிக்கல்களை மேல் துளை, கீழ் வாசல் வழியாகவே காற்றூதும் பம்பால் தூசியை வெளியேற்றித் தீர்க்கலாம். வாயால் ஊதினால் ஈரம் போய்த் தூசி ஒட்டிக்கொள்ளும். அழுத்தப்பட்ட காற்று டப்பாவைப் பயன்படுத்துவதென்றால் தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டு அடியுங்கள். கிட்டே வைத்தால் அதன் குளிர்ச்சியில் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

வெயிலில் வைத்த பிரதிகளில் வெள்ளைப் பகுதி மஞ்சளடித்திருக்கும். அழகுக் குறைதான், ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வெப்பத்தில் முன்பலகை வளைந்திருந்தால் நிலைமை வேறு: வட்டுகள் பலகையில் உரசும், அதைச் சரிசெய்யும் வழி கிடையாது. படங்களில் பலகையின் விளிம்பை நேர்கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு படமாவது கேட்டு வாங்குங்கள். நேர்ப்படத்தில் வளைவு தெரியாது.

குண்டைப் போடும் விதத்திலும் பிழை வரும். உயரத்திலிருந்து விட்டெறிந்தால் மேல் புரட்டியில் பட்டுத் துள்ளி, ஒரே குண்டு அதை இரண்டு தடவை புரட்டிவிடும். விரல் நுனியால் துளையின் வாயில் வைத்து, விரலை விலக்கினால் போதும்.

விலையைப் பற்றி

பெட்டியும் கையேடும் உள்ள பிரதிக்கும் வெறும் பொம்மைக்கும் விலை வித்தியாசம் பெரிது. சேகரிப்பவர்களுக்கு அது நியாயம். ஆட மட்டும் வேண்டுமென்றால் கையேடு இல்லாமலே வாங்குங்கள், மேலே சொன்ன விதிகள் போதும். உடைந்த வட்டு, காணாமல் போன புரட்டி ஆகியவற்றுக்கு உதிரிப் பாகம் கிடைக்காது. அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஆட்டத்துக்காக எடுக்க வேண்டாம். சிக்குகிற புரட்டி மட்டும் உள்ளது என்றால், ஏழு குண்டுச் சோதனையில் எந்த வரியில் பிசகியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். மேல் வரிசையில் சிக்கினால் துளை வழியாகவே எட்டித் துடைக்கலாம், கீழ் வரிசையில் சிக்கினால் வாசல் வழியாக. நடு வரிசையில் சிக்கினால் திறக்காமல் எட்டுவது கடினம், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து பார்சலில் வரவழைப்பவர்கள் விற்பவருக்குக் கட்டாயம் எழுத வேண்டிய வரி ஒன்று உண்டு: குண்டை வெளியே எடுத்து, தனிப் பையில் போட்டு, பொம்மைக்கு வெளியே ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே குண்டோடு வரும் பொம்மை வழியெல்லாம் குலுங்கி, எஃகு பழைய புரட்டிகளை அடித்து முறித்துவிடும். மூன்று துளைகளையும் கீழ் வாசல்களையும் பசை படியாத காகித டேப்பால் மூடச் சொன்னால் பார்சலின் தெர்மாகோல் துணுக்குகளும் உள்ளே போகாது.